வரேன்னு சொல்லாத ஆளு

வாசலைத் தாண்டுறப்போ "போறேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? பேச்சியம்மா வீட்டுல ஒருத்தன் இருந்தான். அவ புருஷன் தவசி.

முன்னெல்லாம் அவன் அப்படியில்ல. வீட்டுச் சுவத்துல மெய்காட்டிங்கிற பேசுற கருவியை மாட்டினதுல இருந்துதான் இந்தக் கூத்து. நிரூபிக்க முடியாத எதைச் சொன்னாலும் அது "ஆதாரம் இல்லை"ங்கும். தவசிக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "மழை வரும்போல"ங்கிறதைக்கூட விட்டுட்டான்.

விடிஞ்சா அவன் கடலடிக் குழாய் வேலைக்குப் போகணும். திரும்ப ஆறு மாசம் ஆகும். போன தடவை இறங்கினதுல ரெண்டு பேர் மேல வரவே இல்ல.

"நாளைக்காவது போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"வருவேன்னு எனக்கெப்படிடி தெரியும்? தெரியாததைச் சொன்னா பொய்தானே?"

பேச்சிக்கு என்னமோ தோணி, சுவத்தைப் பார்த்துச் சொன்னா: "நாளைக்குச் சூரியன் உதிக்கும்."

"ஆதாரம் இல்லை"ன்னுச்சு மெய்காட்டி. "இதுவரை உதிச்சதுக்குத்தான் ஆதாரம் இருக்கு."

தவசி சோத்துல கைய வெச்சபடி அதையே பார்த்தான். "அட, இதுக்கு அதுகூடவா தெரியாது?"

"அதானே!"ன்னு சிரிச்சா பேச்சி.

அவன் சாப்பிட்டு முடிச்சுப் பாயை விரிச்சான். "விடிஞ்சதும் எழுப்பி விடு."

"விடியும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

தவசி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

மறுநாள் விடிஞ்சுது. பேச்சி எழுப்பி விட்டா. தவசி செருப்பை மாட்டிக்கிட்டு, "போயிட்டு வரேன்"னான். மெய்காட்டி "ஆதாரம் இல்லை"ன்னுச்சு. "போயிட்டு வாங்க"ன்னா பேச்சி.