கிழட்டு லாரியின் குரல்

அவள் டிவியின் ஒலியை ஏற்றிவைத்தாள். இன்னும் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மின்விசிறியை நிறுத்தினாள். அது கிறீச்சிடும்.

ஜன்னலையும் சாத்தினாள். கீழே சாலிகிராமத்தின் ஞாயிற்றுக்கிழமை இரைந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ரிஸ்வானாதான் முந்தாநாள் வந்து சொன்னாள்.

"அக்கா, நீங்க பேசினதா சொல்வீங்களே, அந்தக் கார் கார்ட்டூன். ஞாயித்துக்கிழமை காலைல மறுபடியும் போடுறாங்களாம்."

அதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

பழைய படம். எந்த நாட்டிலோ கையால் வரைந்து எடுத்தது. மனிதர்களே கிடையாது. கார்களுக்குக் கண்ணாடியில் கண், பம்பரில் வாய். வெட்கப்பட்டால் பானட் சிவக்கும். அழுதால் வைப்பர் துடைத்துவிடும்.

தமிழில் அதற்கு டப்பிங் பேசியபோது அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். குழந்தைக் குரல் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் படத்தில் அவள் மஞ்சள் கார். தொலைந்துபோன குட்டிக் கார்.

அதை வீட்டுக்குக் கூட்டிப் போகும் கிழட்டு லாரிக்குப் பேசியவன் தேவசகாயம். அவள் கணவன்.

நாகர்கோவில்காரன். எத்தனை வருடம் சென்னையில் இருந்தும் அவன் தொண்டையிலிருந்து ஊர் இறங்கவில்லை. காகிதத்தில் 'கவலைப்படாதே நண்பா' என்று எழுதியிருந்தது. அவன் மைக்கில், "பயப்படாத மக்ளே, நான் இருக்கேன்லா" என்றான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவன் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

மறு வருடம் வெள்ளம் வந்தது. அப்போது கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். போட்டோக்கள் பரணில் இருந்ததால் தப்பின. அவன் குரல் இருந்த கேசட்டுகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

முகம் மறக்கவில்லை. சுவரில் இருக்கிறது.

அவன் சொன்னதும் எதுவும் மறக்கவில்லை. கோபத்தில் சொன்னது, ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அவை அவளுடைய குரலிலேயே அவளுக்குக் கேட்கின்றன.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன புரியும்?

படம் தொடங்கியது.

அதே இசை. அதே வளைந்த மலைப்பாதை. மஞ்சள் கார் தயங்கித் தயங்கி வந்து நின்றது. கண்களை உருட்டியது. வாயைத் திறந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

இளமையான குரல். சுத்தமான குரல்.

அவளுடையது இல்லை.

இத்தனை வருடத்தில் தன் குரல் தனக்கே மறந்திருக்கலாம் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்கும். நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

மலைமுகட்டில் இரண்டு மங்கலான விளக்குகள் தெரிந்தன. லாரி இருமிக்கொண்டே இறங்கி வந்தது. அருகில் நின்றது. துருப்பிடித்த பம்பர் மெல்லத் திறந்தது.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

"கவலைப்படாதே நண்பா!"

யாரோ. நல்ல கனமான குரல்தான். ஊர் இல்லாத குரல்.

புதிதாகப் பேசியிருக்கிறார்கள்.

ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ரிஸ்வானா எட்டிப்பார்த்தாள். கையில் கரண்டி. அடுப்பிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள்.

"அக்கா, இந்த மஞ்சக் கார் நீங்கதானே? அம்மாடி! அந்தக் குரல் அப்படியே இருக்குக்கா உங்களுக்கு."

ரிஸ்வானாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமா," என்றாள்.

"அப்ப அந்த லாரி, அண்ணனா?"

லாரி ஏதோ சொல்லிச் சிரித்தது. பெரிய சிரிப்பு.

"இல்ல," என்றாள். "அது வேற யாரோ."

ரிஸ்வானா ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு பால் பொங்கிவிடும் என்று ஓடினாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் ரிமோட்டை எடுத்தாள். அணைக்கத்தான் எடுத்தாள்.

ஒலியை மட்டும் நிறுத்தினாள்.

படம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் காரின் சக்கரம் சேற்றில் இறங்கிச் சுழன்றது. அது கண்களை அகல விரித்து லாரியைத் திரும்பிப் பார்த்தது.

இந்த இடம் தெரியும்.

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தால் குழந்தைக் குரல் வராது.

"என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

கரகரத்தது. காரின் வாய் அதற்குள் மூடிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போயிடுவியா, சொல்லு?"

இந்த முறை வாயசைவோடு சேர்ந்து விழுந்தது.

பம்பர் திறந்தது.

அவள் அரையடி இடது பக்கம் ஒதுங்கினாள். ஒரு மைக்கில் இரண்டு பேர் பேசுவதென்றால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். தேவசகாயம் கொஞ்சம் அகலமான ஆள்.

லாரியின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. நீளமான வசனம். அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, கண் எடுக்காமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

திடீரென்று அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதும் தோள் குலுங்கியது.

அங்கே சிரிப்பு கிடையாது. மஞ்சள் கார் அழவேண்டிய இடம் அது.

விளம்பரம் வந்தது.

அவள் ஒதுங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.