வெயிலில் வைத்த குப்பி

“சிவக்குதா ஓய்? நல்லா கண்ணத் தொறந்து பாரும்!”

ரசலையனின் குரல் மிஷன் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. சன்னல் விளிம்பில், வெயில் நேராக விழும் இடத்தில், ஒரு கண்ணாடிக் குப்பி நின்றது. உள்ளே அரைக் குப்பி மூத்திரம். வெளியே ‘நேசபாய்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

“இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு” என்றார் நேசபாயின் தகப்பன் ஞானையன் வாத்தியார்.

“பொறும். உச்சி வெயில் கொள்ளணும்ணு டாக்டரு சொன்னாரில்லியா?”

ரசலையன் முட்டம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். அவர் மகன் ஜான்ரோஸுக்கும் நேசபாய்க்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன்னால் யாரோ அவர் காதில் ஊதிவிட்டார்கள்: ‘பெண்ணுக்க அத்தைக்காரி சிவப்பா மூத்திரம் போயி, வயிற்றுவலியில பிதற்றிச் செத்தவளாக்கும்!’

அவ்வளவுதான். ரத்தத்தைச் சோதித்தால்தான் கல்யாணம் என்று நின்றுவிட்டார் ரசலையன். இரண்டு ஓலை வாசித்தபின் நின்றுபோன பெண்ணை அப்புறம் எவன் கேட்டு வருவான்? ஞானையன் மறுபேச்சில்லாமல் டாக்டர் கேட்டபடி மண்டைக்காட்டிலிருந்து மகளின் மூத்திரக் குப்பியும் கையுமாக நேற்றே வந்துவிட்டார். வாத்தியாரைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள ரசலையன் அவரைத் தம் வீட்டிலேயே படுக்கவைத்து, காலையில் தம் வில்வண்டியிலேயே கூட்டிவந்தார்.

டாக்டர் சத்தியநேசன் பொறுமையாக விளக்கியிருந்தார். “ரத்தம் சிவப்பாக இருக்க உடம்பு ஒரு சாயம் செய்கிறது. சில குடும்பங்களில் அந்த வேலை பிசகி, பாதியில் நின்ற சரக்கு மூத்திரத்தில் இறங்கும். புதிதில் தெரியாது. வெயில் பட்டால் சிவந்துவிடும்.”

இத்தனையிலும் ‘குடும்பம்’ என்ற ஒரு சொல்தான் ரசலையன் காதில் விழுந்தது.

“எங்க குடும்பத்தில நாலு தலைமுறையா ஒருத்தனுக்கு ஒரு தும்மலு கெடையாது, கேட்டேரா? எங்க தாத்தா எண்பது வயசில தென்னையில ஏறினவரு!”

“இறங்கினாரா?”

“உம்ம வாய்க்கு ஒண்ணும் கொறைச்சலில்ல.”

“இல்ல சம்மந்தி, உம்ம அப்பா வயிற்றுவலியில செத்ததாக் கேள்விப்பட்டேன்...”

“அது வயிற்றுவலியில்ல ஓய், வாயு! பெரிய குடும்பத்துக்கு வாற வாயு. உங்க ஆளுகளுக்கு வந்தா அது நோய்.”

ஞானையன் பேச்சை மாற்றினார். பெண்ணைப் பெற்றவர்.

“எம் பிள்ளைக்கு இண்ணைக்கு வரை ஒரு நோவும் வந்ததில்ல” என்றார்.

“வந்த பொறவு எங்க வீட்டுக் கட்டிலில இல்லா கெடப்பா? ரத்தம்ணா எங்க ரத்தம் போல இருக்கணும். பச்சத் தண்ணி மாதிரி சுத்தம்!”

“அந்த நம்பிக்கையிலதான் நானும் இருக்கேன்” என்றார் ஞானையன்.

மணி பன்னிரண்டு அடித்தது. குப்பி முதலில் தேன் நிறத்துக்கு வந்தது. பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கோயிலில் கொடுக்கும் இராப்போஜனத் திராட்சரசம் போலச் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

ஞானையன் துள்ளி எழுந்தார். “இது எப்பிடி? இது சிவக்கக் கூடாதே!”

“பின்ன, பச்சையாவா ஆவும்?” ரசலையன் தொடையில் தட்டிச் சிரித்தார். “டாக்டரே, ஓடி வாரும்!”

டாக்டர் குப்பியை எடுத்துப்போய் ஏதோ திராவகம் விட்டுப் பார்த்தார். வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டும் குழலில் கண்ணை வைத்தும் பார்த்தார். திரும்பி வந்து தலையசைத்தார். “சந்தேகமே இல்லை. அந்த நோய்தான்.”

“பெறுத பிள்ளைகளுக்கும் வருமா?” ரசலையன் கேட்டார்.

“வரலாம். இரண்டில் ஒன்றுக்கு வர வாய்ப்புண்டு.”

“கேட்டேரா வாத்தியாரே? அதை அப்பிடியே ஒரு கடுதாசியில எழுதித் தாரும் டாக்டரே. ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை வாசிக்கும்போ நானே எழும்பி நிண்ணு தடை சொல்லுதேன். நாறின ரத்தம்! இதுக்க சொந்தக்காரிக்கு எங்க வீட்டில இல்ல, எங்க கல்லறைத் தோட்டத்தில கூட எடம் கெடையாது!”

வராந்தாவில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரசலையனுக்கு அது இன்னும் உற்சாகமாக இருந்தது. ஞானையனோ அவரைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்தார்.

“இதுக்கு உரியவங்க என்ன செய்யணும் டாக்டரே?”

“பட்டினி கிடக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, உறக்கப் பொடி ஆகவே ஆகாது. இந்த உடம்புக்கு அது விஷம். கைகால் விழுந்துபோகும், உயிருக்கே ஆபத்து.”

“அதையும் எழுதும், அதையும் எழுதும்” என்று ரசலையன் கையை நீட்டினார். டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தி, ரசலையன் வில்வண்டியை நோக்கி நடந்தார்.

ஞானையன் பின்னாலேயே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“சம்மந்தி, கல்யாணம் நடந்தாலும் செரி, நடக்காட்டாலும் செரி. திருவனந்தபுரத்திலேருந்து வரவழைச்சு நீரு தெனமும் படுக்கும்போ முழுங்குத அந்தப் பொடிய இண்ணையோட விட்டிரும். அத்தைக்காரிய நெனச்சுப் பயந்துபோயி எம் பிள்ளைக்க குப்பியக் கீழ கொட்டிப்போட்டு, நாலு தலைமுறைச் சுத்தம்ணு நீரு சொன்னத நம்பி, இண்ணைக்குக் காலத்த உம்ம கட்டிலுக்கடியில இருந்த மூத்திரச் சட்டியில இருந்துதான் இதை நெறச்சேன்!”