குழந்தை அறைக்கு ஒரு மஞ்சள்

தூத்துக்குடிப் பெயின்ட் கடையில் ஜெசிந்தா தன் கர்ப்பப் பதிவு எண்ணைச் சொன்னாள். பிறக்கப்போகும் குழந்தையின் ஸ்கேனைப் பார்த்துத்தான் கடைத் திரை இப்போதெல்லாம் அதன் அறைக்கு நிறம் சொல்கிறது. பெற்றவர்களிடம் மட்டும் ஸ்கேனில் இருப்பதைச் சொல்லக்கூடாது என்பது சட்டம். டாக்டரம்மாகூடப் போன வாரம் ஜன்னலைப் பார்த்தபடி, “நல்லா சாப்பிடும்மா” என்று மட்டும்தான் சொன்னார்.

திரையில் நிறமே வரவில்லை. மணல்போலச் சொரசொரப்பு, வரிவரியான மேடு, வெல்வெட் வழவழப்பு என்று சுவர்ப்பூச்சுகள்தான் வந்தன.

“மெஷின் மக்கர் பண்ணுது. மஞ்சளக் காட்டச் சொல்லும்மா,” என்றான் அவள் கணவன் ரொசாரியோ.

கடைப்பெண் மறுபடி தட்டினாள். மறுபடியும் மணல், வரி, வெல்வெட்.

“எந்தக் கலர்னாலும் ஒண்ணுதான்னு வருது சார்,” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதெப்படி ஒண்ணுதான்? பச்சப்புள்ள கண்ணுக்கு...” என்று கத்தத் தொடங்கிய ரொசாரியோ பாதியில் நின்றுவிட்டான். திரையையே பார்த்தான். மனைவி பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஜெசிந்தா வயிற்றிலிருந்த கையை எடுக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, மறுகையால் மேஜைமேலிருந்த மாதிரிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“மணல் வேண்டாம், புள்ள கை உரசிரும்,” என்றாள். “கதவுகிட்ட மட்டும் வரி போட்டத அடிங்க. வெளிய வர வழி தெரியணும்லா.”