போயிட்டு வரேன்

குடியுரிமைக்கான மொழித் தேர்வில் நான்கு முறை தோற்றேன். கேள்விகளுக்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொல்வேன். கடைசியில் விடைபெறும்போது, பழக்க தோஷத்தில், இந்த நாட்டு மொழியில் அப்படியே "போயிட்டு வரேன்" என்றுவிடுவேன்.

"திரும்ப எதுக்கு வரீங்க?" என்று அதிகாரியம்மா அலுப்போடு மதிப்பெண்ணை வெட்டுவார். நான்கு முறையும் அதே அம்மாதான்.

"ஏங்க, இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினா மூட்டையைக் கட்டணும்," என்றாள் மனைவி. "வெறும் 'போறேன்'னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?"

ஐந்தாம் முறை, பல்லைக் கடித்துக்கொண்டு "போறேன்" என்றேன்.

அதிகாரியம்மாவின் முகம் வாடிவிட்டது.

"பாஸ்," என்று சான்றிதழை நீட்டினார். "ஆனா ஐயா, போறேன்னு வெடுக்குனு சொல்லாதீங்க. மனசு என்னமோ பண்ணுது. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

சொன்னேன். எதுக்கு என்று அவர் கேட்கவில்லை.