மூன்றாவது இசைத்தட்டு

"மூணு பிளேட்டும் ஒரே பாட்டுதான் தம்பி. ஜெர்மன் தேசத்து பாக் துரை எழுதுனது. ஆனா வாசிச்ச ஆர்கன் வேற வேற. இதுல எது இருநூறு வருஷத்துப் பழைய ஆர்கன்னு காதால கேட்டுச் சொல்லணும்," என்றார் எலியாஸ்.

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படியொரு பரீட்சையா! வில்சன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"சொல்லிட்டா?" என்று கேட்டாள் அவன் தாய் தபிதாள்.

"கல்யாணத்தன்னிக்கு நம்ம கோயில்ல அந்தப் பிளேட்டத்தான் வைப்பேன். தப்பாச் சொன்னா, காபி குடிச்சிட்டு மத்தியான பஸ்ஸப் புடிச்சிடலாம். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு என் பொண்ணக் குடுக்கமாட்டேம்மா."

மனுஷர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருத்தணி மிஷன் பள்ளியில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகச் சண்டை தொடங்கியதும் சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரப் பாதிரியார், தம் கிராமபோனையும் ஒரு பெட்டி இசைத்தட்டையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது வினை. மலைமேல் முருகனுக்கு மேளம் கொட்டினால்கூட, "சுருதி சேரல" என்று இங்கே முகம் சுளிப்பார்.

வில்சனும் லேசுப்பட்டவன் இல்லை. பொதட்டூர்பேட்டைப் பள்ளியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவன். போன கிறிஸ்துமஸுக்கு இவர் மகள் தேவசுந்தரி கீர்த்தனை பாடியதைக் கேட்டதிலிருந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று தாயின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது எல்லாம் ஓர் இசைத்தட்டில் வந்து நின்றது.

கிராமபோனுக்குப் புது ஊசி எடுக்க எலியாஸ் உள்ளே போனார். தபிதாள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்துக் காபியோடு வந்தாள் தேவசுந்தரி. டம்ளரை வைத்தவள் நகரவில்லை.

"எனக்காக ஒண்ணு செய்வீங்களா?"

வில்சன் சட்டென்று எழுந்து நின்றான். "சொ... சொல்லுங்க."

"மூணாவது பிளேட்டுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சொல்லிவிட்டு விருட்டென்று உள்ளே ஓடிவிட்டாள். அடடா, அவளுக்கும் மனசில் ஆசை இருக்கிறது! வில்சனுக்குக் காபி பாயசமாக இனித்தது.

எலியாஸ் வந்து உட்கார்ந்தார். எந்த ஆர்கன் என்று அச்சடித்திருந்த இடத்தில் எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். சாவி கொடுத்து முதல் தட்டை வைத்தார். சத்தம் பெரிதாக, பளிச்சென்று வந்தது. சீமையில் ஏதோ பெரிய மண்டபத்துப் புது ஆர்கன் என்று வில்சன் நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது தட்டு சுழன்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஸ்வரம் எழும்புமுன்னே துருத்தி மூச்சு வாங்குவது கேட்டது. அடிக்குழலில் லேசான கரகரப்பு. வழவழப்பே இல்லாத, கட்டைக் குரல் கிழவர் ஜெபிப்பது போன்ற நாதம். வில்சனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூன்றாவதை வைத்தார். வில்சனுக்குப் பகீரென்றது. ஒரே குழைவு, ஒரே நடுக்கம். டூரிங் டாக்கீஸ் இடைவேளையில் முறுக்கு விற்கும்போது போடுவார்களே, அந்த ரகம்!

"எல்லாம் ஒரே மாதிரிதானே கீது? எதையாச்சும் ஒண்ணச் சொல்லுடா," என்றாள் தபிதாள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"அவரு சொல்லட்டும்மா," என்றார் எலியாஸ்.

வில்சன் தவித்துப்போனான். இரண்டாவதுதான் அசல் என்று காது அடித்துச் சொல்கிறது. அவளோ மூன்றாவது என்றாளே! பாவம், பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவள் பேச்சைக் கேட்டு மூன்றாவது என்றால் அவளே கிடைக்கமாட்டாள். அவளுக்காகத்தான் அவள் சொல்லை மீற வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னால் அவளே சிரித்துக்கொள்வாள்.

"என்ன தம்பி, யோசிச்சிகினே இருக்கீங்க?"

வில்சன் கண்ணை மூடிக்கொண்டான். "ரெண்டாவதுங்க. ஒவ்வொரு தரமும் துருத்தி மூச்சு வாங்குது பாருங்க. அதான் பழசு."

எலியாஸ் கிராமபோனை மூடினார். எழுந்து வந்தார். போச்சு, வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று வில்சன் செருப்பைத் தேடினான். அவரோ அவனை அப்படியே கட்டிக்கொண்டார்.

"ஆங்! அதான்யா காது! ஹாலந்து தேசத்துக் கிராமத்துக் கோயில் ஆர்கன் அது. மூணாவது, பயாஸ்கோப் கொட்டாயில வாசிக்கற கரண்டு ஆர்கன். தபிதாளம்மா, வர்ற மாசமே கல்யாண ஓலை எழுதிடலாம்!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்று தபிதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வில்சனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"தேவசுந்தரி, கல்கண்டு கொண்டாம்மா!" என்று எலியாஸ் வீடே அதிரக் கூவினார். பிறகு வில்சனின் தோளைத் தட்டினார். "இதுக்கு முன்ன மூணு பேரு வந்தானுங்க மாப்பிள்ள. மூணு பேரும், யாரோ சொல்லி வெச்சாப்பல, அந்தக் கொட்டாய் பிளேட்டத்தான் காட்டினானுங்க!"

வில்சன் திரும்பிப் பார்த்தான். கல்கண்டுக் கிண்ணத்தோடு உள்வாசலில் நின்ற தேவசுந்தரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அது சந்தோஷக் கண்ணீர் இல்லை என்று கண்டுபிடிக்க அவனுக்குக் காதே தேவைப்படவில்லை.