சுண்டுவிரல்

"மாங்குயில்?"

பைனாகுலரைப் பிடித்திருந்த அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் மட்டும் மேலே எழுந்தது. தப்பு என்று அர்த்தம்.

"அப்போ கொண்டலாத்தி."

மறுபடியும் சுண்டுவிரல்.

"செம்போத்து? மரங்கொத்தி? எதுவுமே இல்லையா? அப்படி என்னதாங்க வந்து உட்கார்ந்திருக்கு, அன்னப்பறவையா?"

அவர் சிரிக்கவில்லை.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனதிலிருந்து தோட்டத்துப் பறவைகளைப் பற்றித்தான் கணவன் மனைவி இருவருக்கும் பேச்சு. கண்ணாடி ஜன்னலோர நாற்காலியில் அவர் பார்ப்பார், அவள் பெயர் சொல்வாள். சரி என்றால் கட்டைவிரல், தப்பென்றால் சுண்டுவிரல். பழைய வாத்தியார் புத்தி, பாதி மதிப்பெண் என்பதே கிடையாது.

இன்று பைனாகுலர் பின்மதிலை விட்டு நகரவே இல்லை. பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள். வெறுங்கண்ணுக்கு மதில்மேல் கவிந்திருந்த மாமரத்துக் கிளைதான் தெரிந்தது. "கொடுங்க, நானும் பார்க்கறேன்" என்று கை நீட்டினால், உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான்.

"என்னடா ராஜா, இன்னைக்குக் கூப்பிடறே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேம்மா. சும்மாதான் கூப்பிட்டேன். இங்க இப்பதான் விடியுது. ஜன்னலைத் திறக்க முடியல, அப்படிப் பனி கொட்டுது. நீங்க எங்க இருக்கீங்க, தோட்டத்துலயா?"

"உள்ளதான்டா. சாயங்காலமாச்சே, கொசு வரும்னு எல்லா ஜன்னலையும் சாத்திட்டேன்."

"அதான் நல்லது. அப்பாவை வெளிய கூட்டிட்டுப் போகாதே. நீயும் போகாதே."

"எப்படா வரே? அவருக்கு உன்னைப் பார்க்கணும்னு இருக்கு. வாயால சொல்ல முடியல, அவ்வளவுதான். வீட்டை உன் பேருக்கு மாத்தினப்போ வந்துட்டுப் போனதுதான்."

"லீவு கிடைக்கட்டும்மா."

அப்போது மாமரத்துக் குண்டுக்கரிச்சான் சீட்டியடித்தது.

கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் பறவை அது. காதில் விழும் சத்தத்தையெல்லாம் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். அவருடைய சீட்டியையும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டது. மூன்று இழுப்பு, மூன்றாவதில் உடைந்த முன்பல் வழியாக ஒரு பிசிறு.

தெருவில் விளையாடும் மகனைச் சாப்பிடக் கூப்பிட அவர் அடித்த சீட்டி. மகன் விமானம் ஏறிய பிறகும், சாயங்காலமானால் பழக்கதோஷத்தில் தோட்டத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவரால் முடியாது. பறவை அடிக்கிறது, அந்தப் பிசிறு உட்பட.

சாத்திய ஜன்னல் வழியாக அது மெலிதாகத்தான் வந்தது. போனிலோ, பக்கத்தில் நின்று அடித்த மாதிரி கணீரென்று கேட்டது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இப்படிச் சீட்டியடிக்கிற பறவை உலகத்திலேயே ஒன்றுதான். அது பனி கொட்டும் ஊரில் இல்லை.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லடா. பனியில நிக்காதே, காதை மூடிக்கோ. வெச்சிடறேன்."

போனை வைத்ததும் அவரிடம் ஓடி வந்தாள். குரல் கிசுகிசுத்தாலும் உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை.

"என்னங்க, உங்க பிள்ளை வந்திருக்கான்! மதிலுக்குப் பின்னால நிக்கறான். பனியாம், பனி! நம்மள அசத்தணும்னு புளுகறான், திருட்டுப்பய!"

கட்டைவிரல் எழுந்தது.

"அட, முன்னாடியே பார்த்துட்டீங்களா? அதான் பைனாகுலரைத் தராம அழிச்சாட்டியம் பண்ணினீங்களா? நம்மளப் பார்க்கத்தானே ஓடி வந்திருக்கான்?"

சுண்டுவிரல் எழுந்தது.

"போதும் உங்க விளையாட்டு. வாய் போனாலும் வம்பு போகல!"

அடுப்பில் மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்தாள். கண்ணாடியில் பார்த்து நரைமுடியைக் கோதிக்கொண்டாள். அவனாக வந்து மணியடிக்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. சத்தம் போடாமல் போய்ப் பின்மதில் கதவைத் திறந்து, காதைப் பிடித்துத் திருகி உள்ளே இழுத்து வர வேண்டும்.

நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறார் போலிருக்கிறது. "இருங்க, உங்ககிட்டயேதான் கூட்டிட்டு வரப்போறேன்" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

செருப்பில்லாமல், பூனை மாதிரி தோட்டத்தைக் கடந்தாள். மதில் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது தலைக்கு மேலே குண்டுக்கரிச்சான் இன்னொரு முறை சீட்டியடித்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக்குரல் கேட்டது. "யாருங்க அது சீட்டியடிக்கறது?"

அவள் தாழ்ப்பாளைத் திறக்காமல் நின்றாள். அந்தச் சீட்டி காதில் விழுந்தால் எந்த ஆட்டத்தையும் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருகிறவன் அவன். என்ன சொல்கிறான் என்று கேட்க ஆசையாக இருந்தது.

மகன் சொன்னான்: "ஏதோ குருவி சார், அவங்க ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்துல விட்டதும், இந்த மரத்தையும் வெட்டி இடத்தைக் காலியாக் கொடுத்துடறேன்."