எந்தத் தோட்டா?

தற்காப்புக்கு எந்தத் தோட்டா உசத்தி என்று அந்த டெக்சாஸ் சிற்றூரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வெண்டல் புரூயிட்டைத்தான் கேட்பார்கள். பதினோரு வருட ஆராய்ச்சி! மனிதச் சதைக்குப் பதிலாக ஒரு ஜெலட்டின் கட்டி; அதற்கு நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியைப் போர்த்தி, கொல்லை மண்மேட்டில் வைத்துச் சுட்டுப் பார்ப்பார். முடிவை இணையக் குழுவில் எழுதுவார். நாலாயிரம் பேர் அதை வைத்துச் சண்டை போடுவார்கள். மனைவி சார்லீனுக்குத்தான் உடுத்த ஒரு ஜீன்ஸ்கூட மிஞ்சவில்லை.

"ஃப்ரீசர் பூரா உங்க ஜெலட்டின். கறி வைக்க இடமில்ல!" என்று திட்டிவிட்டுத்தான் சனிக்கிழமை காலை அவள் கடைக்குக் கிளம்பினாள்.

அரை மணி நேரத்தில் படுக்கையறையில் சத்தம். மேஜை மேல் அணிவகுத்து நின்ற தோட்டாக்களுக்கு நடுவே கிடந்த பிஸ்டலை எடுத்துக்கொண்டு வெண்டல் ஓடினார்.

முகமூடி போட்ட ஒருவன், சார்லீனின் அம்மா விட்டுப்போன வைர மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அது போனால் சார்லீன் அவரை உயிரோடு விடமாட்டாள்.

"அசையாத! சுட்டுடுவேன்!"

அவன் பதறவே இல்லை. "எதை வெச்சு சுடுவீங்க பெரியவரே? குழி மூக்குத் தோட்டாவா, உருண்டை மூக்கா?"

வெண்டலுக்கு நாக்கு துறுதுறுத்தது. "குழி மூக்குதான். உள்ள போனதும் பூ மாதிரி விரியும். ஆளு அங்கேயே உட்கார்ந்துடுவான்."

"நான் போட்டிருக்கிறது கனமான ஜீன்ஸ் கோட்டு. குழியில துணி அடைச்சுக்கிட்டா எங்க விரியும்?"

"அதுவும் சரிதான்... அப்போ உருண்டை மூக்கு."

"என்னைத் துளைச்சு, சுவத்தைத் துளைச்சு, பக்கத்து வீட்டுப் பாதிரியார் மேல பாயும். கேஸ் நடத்தியே வீட்டை விப்பீங்க."

வெண்டலின் பிஸ்டல் மட்டும் அவன் மார்பை விட்டு நகரவில்லை.

"மோதிரத்தைக் கீழ வெச்சுடு தம்பி. கடைசியாச் சொல்றேன்."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரை உரசியபடியே வாசலுக்கு நடந்தான்.

"துப்பாக்கி முன்னாடி நடக்கிறியே, எவ்வளவு திமிருடா உனக்கு!"

வாசலில் நின்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"'எது சிறந்ததுன்னு முடிவாகிற வரைக்கும் பிஸ்டல்ல எதையும் போடறதா இல்லை'ன்னு நேத்து குழுவுல எழுதினீங்களே பெரியவரே, அதுக்கு முதல் லைக் போட்டதே நான்தான்!"